இரண்டாவது மணி

"ஒரு பை-டூ" என்று சொன்ன பிறகுதான் நாகவேணிக்கு உறைத்தது, கூட யாரும் இல்லை என்று.

கவுன்டரில் நின்ற சேஷண்ணா ஒரு காபியைப் பாதி பாதியாக ஊற்ற இரண்டு சின்ன டம்ளரை எடுத்து வைத்துவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணு யாருக்கு மேடம்? உங்க ஆபீஸ்ல பேய் ஏதாவது வேலைக்குச் சேர்ந்திருக்கா?"

"ரெண்டையும் ஒரே டம்ளர்ல ஊத்திடுங்க."

"அப்ப அது முழு காபி. அதை முழு காபின்னே கேக்கலாமே?"

"வாய்ப் பழக்கம்."

"எட்டு மாசமா அதே வாய்தான்" என்று சிரித்துக்கொண்டே ஊற்றினார் சேஷண்ணா.

அந்த ஓட்டலுக்கு மேலே, பனசங்கரி மெயின் ரோட்டைப் பார்த்த இரண்டாம் மாடியில் அவள் ஆபீஸ். ஏழு நாற்காலி. ஆறில் எட்டு மாதமாக ஆள் இல்லை. காலையில் வந்ததும் ஆறையும் மேஜைக்கடியில் தள்ளிவிட்டுத்தான் உட்காருவாள். பெருக்க வருகிற சரோஜம்மா சாயங்காலம் மறுபடி இழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். மறுநாள் காலை பார்த்தால் ஆறு பேர் இப்போதுதான் எழுந்து போனமாதிரி இருக்கும்.

ஏழு பேரும் சேர்ந்து ஆறு வருஷம் பாடுபட்டது ஒரே காரியத்துக்கு. சக்லேஷ்புரம் பக்கத்துக் காபித் தோட்டங்களில் யானை இறங்கினால், அங்கே வேலை செய்கிற ஜனங்களுக்கு உடனே தெரிய வேண்டும். காட்டோரத்தில் நிற்கிற வாட்சர் ஒரு நம்பருக்கு மிஸ்டு கால் கொடுப்பான். புதருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறவன் வாயைத் திறந்து ஹலோ சொல்ல முடியுமா? அந்த மணியை வாங்கி, எந்தத் தோட்டத்து வாட்சர் என்று பார்த்து, அந்தத் தோட்டத்தில் இருக்கிற எல்லாருடைய போனையும் அலற வைக்க வேண்டும். எடுத்துக் கேட்டால் பதிவு செய்த குரல் ஒன்று எச்சரிக்கும். அவ்வளவுதான் அந்த ப்ரோக்ராம்.

சொல்லத்தான் அவ்வளவு. இருநூறு பேருக்கு மணி அடித்து முடிக்க நாற்பது நிமிஷம் பிடித்தது. அதற்குள் யானை அடுத்த தோட்டத்துப் பலாவில் பாதியைத் தின்று முடித்திருக்கும்.

பிறகு ஏஐ வந்தது. முதலாளி ஹெப்பார் ஆறு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, "மனசுக்குக் கஷ்டமா இருக்கு மாராய்ரே, ஆனா காலம் மாறிடுச்சு" என்று சொல்லி அனுப்பினார். தானும் உடுப்பிக்கே போய்விட்டார். வேலையை விட்டுப் போகிற அன்றைக்கு, அந்த ஆறு பேரில் ஒருவனான குருதத்த் அந்த ஏஐக்குப் பெயர் வைத்துவிட்டுப் போனான்.

"சிஷ்யான்னு கூப்பிடு நாகு. என்ன சொன்னாலும் தலையாட்டுது பார். உனக்கு இப்படி ஒண்ணு வேணும்னுதானே ஆறு வருஷமா என்கூட மல்லுக்கு நின்னே?"

சிஷ்யாவைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஏழு பேர் ஆறு வருஷத்தில் முடிக்காததை அதுவும் அவளுமாக நாலு மாதத்தில் முடித்தார்கள். நாற்பது நிமிஷம் தொண்ணூறு வினாடி ஆயிற்று. கன்னடத்தில் மட்டும் பேசிய குரல் மலையாளத்திலும் தமிழிலும் ஹிந்தியிலும் பேசியது. தோட்டங்களுக்கு இப்போது வேலைக்கு வருகிற அஸ்ஸாம் ஜனங்களுக்கு அவர்கள் பாஷையிலேயே பேசியது. அது முதல் தடவை ஓடிய நாளில் நாகவேணி வாய்விட்டுச் சிரித்தாள். "டேய், பாருங்கடா!" என்று திரும்பினாள். நாற்காலிகள் மேஜைக்கடியில் இருந்தன.

பழைய நாளில் ஒரு வழக்கம் இருந்தது. எதை எழுதினாலும், அது வேலைக்கு இறங்குமுன், எழுதினவர் இன்னொருவரோடு கீழே போய் ஒரு பை-டூ வாங்கி, வரி வரியாக வாயால் சொல்ல வேண்டும். கேட்கிறவர் ஒரு குறையாவது கண்டுபிடிக்க வேண்டும். அது வரைக்கும் மேலே ஏற விடமாட்டான் குருதத்த். "இது என்ன தாயி, மாட்டு வண்டிக்கு ஏரோப்ளேன் ரெக்கை?" என்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு நாள் பேசமாட்டாள்.

இப்போது சிஷ்யா எழுதும். சரியா என்று சிஷ்யாவே சோதனை எழுதிப் பார்த்துக்கொள்ளும். நாகவேணி 'சரி' என்று அழுத்துவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை.

அன்றைக்குக் காலை பத்தேகாலுக்கு, காபி டம்ளரோடு மேலே வந்து உட்கார்ந்ததும் அவள் போன் அடித்தது.

"மேடம், நான் ஜவரப்பா. பிலிகல்லு எஸ்டேட் வாட்சர்."

"சொல்லுங்கண்ணா."

"நான் தூங்கலை மேடம்."

"என்னது?"

"நேத்து நான் தூங்கலை. தூங்கிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. என் பொண்டாட்டி முதற்கொண்டு கேக்கறா. அதான், உங்க நம்பரை எழுதி வெச்சிருந்தேன், உங்ககிட்ட சொல்லிடலாம்னு."

"நிதானமா சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"நேத்து காலைல மொண்டா இறங்கினான். தெரியுமில்ல, அந்த ஒத்தக் கொம்பன்? ஏழு தாண்டினதும் முதல் மணி அடிச்சேன். ஜனங்க செடியை விட்டுட்டு ரோட்டோரம் வந்து நின்னாங்க. அதான் வழக்கம். கொஞ்ச நேரத்துல அவனுக்கு என்ன புத்தி வந்துச்சோ, திரும்பி ரோட்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சான். உடனே ரெண்டாவது மணி அடிச்சேன்."

"ரெண்டாவதா?"

"ஆமா. ரெண்டாவது மணி வந்தா ரோட்டை விட்டுட்டு நாங்க குடியிருக்கற லைன் வீட்டுக்குள்ள ஓடணும். இது கைக்குழந்தைக்கும் தெரியும். ஆனா யாருக்கும் அது வரலை மேடம். எல்லாரும் ரோட்டுலயே நின்னிருக்காங்க."

நாகவேணி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யாருக்காவது..."

"அஸ்ஸாம்காரப் பொண்ணு ஒண்ணு, சுக்ருமணின்னு. தூக்கி வீசிட்டான். உசிர் இருக்கு. இடுப்பெலும்பு போச்சு. ஹாசன் ஆஸ்பத்திரில கிடக்கு. ஃபாரஸ்ட் ரேஞ்சர் சொல்றாரு, கம்ப்யூட்டர்ல ஒரு மணிதான் பதிவாயிருக்காம். பயத்துல மரமேறித் தூங்கிட்டியாடாங்கறாரு. கீழ ஆனை நிக்கறப்ப மரத்துல எவனாவது தூங்குவானா?"

"உங்க போன்ல இருக்குமே, ரெண்டு தடவை அடிச்சது?"

"இருக்கு. காட்டினேன். 'உன் டப்பா போனை நம்பறதா, கம்ப்யூட்டரை நம்பறதா'ன்னுட்டாரு. இன்னிக்கு நாலு மணிக்கு வந்து போனையும் டார்ச்சையும் ஒப்படைச்சிட்டுப் போன்னு உத்தரவு. போறேன். வேலை போனா போகட்டும். ஆனா நான் அடிச்சேனா இல்லையான்னு நீங்க பாத்துச் சொல்லணும். இன்னொண்ணு, மொண்டா இன்னும் எஸ்டேட்டை விட்டுப் போகலை. பொழுது சாய்ஞ்சா கிளம்புவான். ரெண்டாவது மணி வரலைன்னா மறுபடியும் ரோட்டுலதான் நிப்பாங்க."

போனை வைத்ததும் நாகவேணி சிஷ்யாவிடம் கேட்டாள். திரையில் பதில் வந்தது.

"பதிவுகளைச் சரிபார்த்தேன். பிலிகல்லு எஸ்டேட்டிலிருந்து நேற்று காலை 7.10 மணிக்கு ஓர் அழைப்பு மட்டுமே பதிவாகியுள்ளது. 412 சோதனைகளும் வெற்றிகரமாக நிறைவேறியுள்ளன. அமைப்பு சரியாக இயங்குகிறது."

அவள் தட்டினாள்: இரண்டு தடவை அழைத்ததாக வாட்சர் சொல்கிறார்.

"நீங்கள் சுட்டிக்காட்டியது மிகச் சரி. இரண்டு அழைப்புகள் வந்திருக்கலாம்."

அவள் தட்டினாள்: இல்லை, ஒன்றுதான் வந்திருக்கும், அவர் பொய் சொல்கிறார்.

"ஆம், அதுவும் மிகவும் சாத்தியமே."

"ஒரு தடவையாவது சண்டை போடேன்டா" என்றாள் நாகவேணி வாய்விட்டு. அந்த அறையில் காலையிலிருந்து அவள் எதிரே ஆள் இருக்கிறமாதிரி பேசிய முதல் பேச்சு அதுதான்.

குருதத்தின் நம்பரை எடுத்தாள். எட்டு மாதத்தில் இரண்டு பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பிக்கொண்டதோடு சரி.

"யாரு, நாகவேணி மகாராணியா? ஊர்ல இடி ஏதாவது விழுந்துச்சா?"

"குரு, பிலிகல்லுல ரெண்டாவது மணின்னு ஒண்ணு இருக்காமே. உனக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "ஏன் கேக்கற?"

அவள் சொன்னாள். அவன் கேட்டு முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"நான் அங்க நாலு நாள் தங்கினேனில்ல? ஜவரப்பா வீட்டுலதான். அங்க யாரும் போனை எடுத்து நம்ம குரலைக் கேக்கறதே இல்ல நாகு. எத்தனை தடவை மணி அடிக்குதுன்னுதான் எண்ணுவாங்க. ஒண்ணுன்னா ரோட்டுக்கு வா. ரெண்டுன்னா வீட்டுக்குள்ள போ. நம்ம ப்ரோக்ராமுக்கு அது தெரியவே தெரியாது. வந்ததை அப்படியே தள்ளிவிட்டுட்டு இருந்துச்சு, அதனால ஓடிச்சு."

"எங்கயாவது எழுதி வெச்சியா?"

"எழுதலை. சொன்னேன்."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான் தாயி. கீழ காபி குடிக்கறப்ப. நீ என்மேல ஏதோ கோவத்துல சேஷண்ணா கடிகாரத்தையே பாத்துட்டு நின்னுட்டிருந்தே."

அவளுக்கு அந்தக் கடிகாரம் ஞாபகம் இருந்தது. அவன் சொன்னது ஞாபகம் இல்லை.

"குரு, நான் இதைச் சரிபண்ணி எழுதினா நீ ஒரு தடவை பாக்கறியா? வரி வரியா சொல்றேன்."

"முடியாதுடி. வெளி ஆபீஸ் ப்ரோக்ராமைக் கண்ணாலயும் பாக்கக்கூடாது, காதாலயும் கேக்கக்கூடாதுன்னு இங்க கையெழுத்து வாங்கிட்டாங்க. எனக்கும் இங்க இதே பிழைப்புதான். அது எழுதுது, நான் சரி சரின்னு அழுத்தறேன். வாரம் பூரா யாரோடயும் சண்டையே இல்ல. ரத்தக்கொதிப்பு இறங்கிடுச்சுன்னு டாக்டர் சந்தோஷப்படறாரு."

போனை வைத்துவிட்டு அவள் சிஷ்யா எழுதியதைப் படிக்க உட்கார்ந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தலைப்பை மட்டும் பார்க்காமல், உள்ளே இறங்கி, ஒவ்வொரு வரியாக. அழகாகத்தான் எழுதியிருந்தது. கல்யாண வீட்டுக் கோலம் மாதிரி ஒரு இழை பிசகவில்லை. படிக்கப் படிக்க, தன் வீட்டிலேயே விருந்தாளியாக வந்து உட்கார்ந்தமாதிரி இருந்தது அவளுக்கு. எந்த அறை எங்கே என்று தெரியவில்லை.

பன்னிரண்டரை மணிக்குக் கிடைத்தது. ஐந்து வாரத்துக்கு முந்தைய மாற்றம். ஒரு எஸ்டேட் மேனேஜர், புதிதாக வந்தவர், 'ஒரே போன் இரண்டு தடவை வருகிறது, தொல்லையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். நாகவேணி அதை அப்படியே எடுத்து சிஷ்யாவிடம் போட்டிருந்தாள். சிஷ்யா நாலே வரியில் தீர்த்துவிட்டது: ஒரே வாட்சரிடமிருந்து பத்து நிமிஷத்துக்குள் மறுபடி அழைப்பு வந்தால் அது முதல் அழைப்பின் நகல், பதிவு செய்யாமல் விட்டுவிடலாம். அது சரியாக விட்டுவிடுகிறதா என்று பார்க்க ஆறு சோதனையும் எழுதியிருந்தது. ஆறும் பச்சை. கேள்வியை எழுதின கையே பதிலையும் எழுதினால் பச்சை வராமல் என்ன வரும்?

அதற்குக் கீழே: ஒப்புதல், நாகவேணி, பகல் 3.42. அன்றைக்கு அவள் கொடுத்த ஒப்புதல்களை எண்ணினாள். முப்பத்தேழு. முந்தையதற்கும் இதற்கும் நடுவே பதினோரு வினாடி.

போன் கம்பெனிக்காரர்கள் தனியாக ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள், அழைப்பு வந்து தட்டியதெல்லாம் அதில் இருக்கும். அதைத் திறந்தாள். 7.10. அதற்குக் கீழே 7.16. அடித்திருக்கிறான். இரண்டு தடவையும் அடித்திருக்கிறான்.

ஹெப்பாருக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

"நெட்வொர்க் ப்ராப்ளம்னு எழுதிடுங்க மாராய்ரே" என்றார் அவர், உடனேயே. "மலைப்பிரதேசம். யார் கேக்கப் போறாங்க?"

"நெட்வொர்க் நல்லா இருந்துச்சு சார். கால் வந்திருக்கு. நாமதான் தூக்கிப் போட்டிருக்கோம்."

"நாம இல்லையே, அந்த ஏஐதானே எழுதிச்சு? அப்படின்னாவது எழுதுங்க. இப்பல்லாம் எல்லாரும் ஒத்துக்கறாங்க, அது அப்பப்ப தப்பு பண்ணும்னு."

"அது தப்பு பண்ணலை சார். நான் கேட்டதைத்தான் பண்ணிச்சு. சரின்னு அழுத்தினது நான்."

"இப்படியெல்லாம் எழுதினா அடுத்த வருஷம் இந்த வேலை நமக்கு வராது. நீங்களும் நானும்தான் மிச்சம். அப்புறம் நான் ஒருத்தன்தான்."

"அந்த வாட்சர் தூங்கினான்னு சொல்றாங்க சார்."

"சொல்லட்டுமே! அவன் யாரு உங்களுக்கு?"

யாருமில்லைதான். நேரில் பார்த்ததுகூட இல்லை.

ரேஞ்சர் சோமேகௌடா நாலாவது தடவை போனை எடுத்தார்.

"மேடம், நான் மீட்டிங்ல இருக்கேன். என்ன அவசரம்?"

"ஜவரப்பா ரெண்டு தடவை அடிச்சிருக்கார் சார். ரெண்டாவது ஏழு பதினாறுக்கு."

"உங்க கம்ப்யூட்டரே ஒண்ணுதான்னு காட்டுதே?"

"கம்ப்யூட்டர் ரெண்டாவதைத் தூக்கிப் போட்டிருச்சு சார்."

"தூக்கிப் போட யார் சொன்னது?"

"நான்."

அவர் கதவைத் திறந்து வெளியே வந்தமாதிரி இருந்தது.

"என்ன சொல்றீங்க மேடம் நீங்க? நேத்து அவனை நான் ஜனங்க முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டேன். அவன் பொண்டாட்டி முன்னாடி."

"எனக்குத் தெரியும் சார்."

"எழுதிக் கொடுங்க. கையெழுத்தோட. மூணு மணிக்குள்ள."

அந்தக் கடிதத்தை அவளே தட்டினாள். பாதியில் சிஷ்யா ஓரத்தில் எட்டிப் பார்த்தது: "இந்தக் கடிதத்தை மேலும் நயமாக மாற்றித் தரட்டுமா? 'எதிர்பாராத தொழில்நுட்பச் சூழல்' என்று தொடங்கலாம்." அவள் அந்தப் பெட்டியை மூடினாள். எட்டு வரி. நயமில்லாத எட்டு வரி. அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, படமெடுத்து அனுப்பினாள்.

அடுத்து, ப்ரோக்ராம். சிஷ்யாவிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் எழுதும். எழுதியதை அவள்தானே பார்க்க வேண்டும்? பதினோரு வினாடியில் பார்த்தவள்தானே அவள்? தானே எழுதினாள். விரல் தடுமாறியது. எளிய வார்த்தைகூட எழுத்துப் பிசகியது. வெகு நாள் கழித்து சைக்கிள் ஏறினவள்போல இரண்டு தடவை விழுந்து எழுந்து, பதினான்கு வரி எழுதி முடித்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. இதைச் சரி என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். தப்பு என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது. ஏழு நாற்காலியையும் ஒரு தடவை பார்த்தாள்.

போன் அடித்தது. ஜவரப்பா.

"மேடம், போனை ஒப்படைக்கப் போனேன். ரேஞ்சர் வாங்கலை. டார்ச்சுக்குப் புது பேட்டரி கொடுத்து அனுப்பிட்டாரு. என்ன மந்திரம் போட்டீங்க?"

"நீங்க அடிச்சீங்கண்ணா. ரெண்டு தடவையும். தப்பு என்னோடது. பத்து நிமிஷத்துக்குள்ள மறுபடி அடிச்சா அதை எண்ணவேண்டாம்னு ப்ரோக்ராம்ல போட்டிருந்தோம்."

"எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கணும்."

"ம்" என்றான். மன்னித்தானா இல்லையா என்று அதில் தெரியவில்லை.

"அண்ணா, இப்ப கேக்கறேன். மாத்தி எழுதியிருக்கேன். ஒவ்வொண்ணா சொல்றேன், எங்க தப்புன்னு சொல்லுங்க."

"நான் ஏழாங்கிளாஸ் மேடம்."

"பரவாயில்ல. முதல்ல இது: நீங்க அடிச்சா எல்லாருக்கும் மணி போகும்."

"சரி."

"பத்து நிமிஷத்துக்குள்ள மறுபடி அடிச்சா, மறுபடியும் எல்லாருக்கும் போகும். ஆனா அந்தத் தடவை குரல் வேற மாதிரி சொல்லும், யானை திரும்பிடுச்சுன்னு."

"அது வேண்டாம்."

"ஏன்?"

"குரலை எவன் கேக்கறான்? அந்த அஸ்ஸாம்காரப் பொண்ணு ஒண்ணு கேக்கும், அதுவும் பாவம் இப்ப ஆஸ்பத்திரில. மத்தவங்க மணியை எண்ணறதோட சரி. புதுசா ஏதாவது சொன்னா, என்னடா சொல்லுதுன்னு நின்னு கேப்பான். நின்னா போச்சு. அதே குரல், அதே பேச்சு இருக்கட்டும்."

அவள் மூன்று வரியை அழித்தாள்.

"அப்புறம்?"

"கைதவறி ரெண்டு தடவை அமுங்கிடும் இல்ல? அதைத் தடுக்க, அஞ்சு நிமிஷத்துக்குள்ள வந்தா எண்ணாதேன்னு போட்டிருக்கேன்."

"அஞ்சா! மேடம், அவன் அஞ்சு நிமிஷத்துல ரோட்டுக்கே வந்து பஸ்ஸுக்கு நிப்பான். கைதவறினா ரெண்டு எண்ணறதுக்குள்ள தெரிஞ்சுடும். ஒரு நிமிஷம் வெச்சுக்குங்க. அதுக்கும் கம்மியா அவனால திரும்ப முடியாது. அவன் ஆனை, ஆட்டோ இல்ல."

நாகவேணி சிரித்துவிட்டாள். ஐந்தை ஒன்றாக்கினாள்.

"சந்தேகம் வந்தா மணி அடிச்சிடுங்க" என்றான் ஜவரப்பா. "தொல்லையா இருக்குன்னு திட்டினா திட்டட்டும். திட்டறதுக்கு ஆள் உசிரோட இருக்கணுமில்ல?"

"வேற?"

"வேற என்ன, நீங்க எழுதுங்க. நான் மேல போறேன். இனிமே என் போனுக்கு அடிக்காதீங்க மேடம். அவன் பக்கத்துல இருக்கறப்ப அடிச்சீங்கன்னா அப்புறம் ஜவரப்பாவே இருக்கமாட்டான்."

நாலரை மணிக்கு அவள் அதை வேலைக்கு இறக்கினாள். பிலிகல்லு பட்டியலில் தன் நம்பரையும் சேர்த்துக்கொண்டாள்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. சரோஜம்மா வந்து பெருக்கிவிட்டு, நாற்காலிகளை இழுத்துப் போட்டுவிட்டு, "இன்னும் கிளம்பலையா தாயி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கீழே பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தன. இருநூறு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு கட்டி அதன் இந்த நுனியில் உட்கார்ந்திருக்கிறமாதிரி இருந்தது. இழுத்துப் பார்க்கவும் கூடாது.

ஐந்து மணி இருபத்திரண்டுக்குப் போன் அடித்தது. ஒரு தடவை. எடுக்கவில்லை, எண்ணினாள். ஒன்று.

ரோட்டோரம் வந்து நிற்பார்கள் இப்போது. நேற்று ஒருத்தி வீசப்பட்ட அதே இடத்தில்.

இருபத்தைந்து. இருபத்தேழு. யானை திரும்பவேயில்லையோ? மேலேயே போய்விட்டதோ? அல்லது திரும்பி, அவன் அடித்து, அவளுடைய பதினோரு வரியில் எங்காவது சிக்கிக்கொண்டு... ஜவரப்பாவைக் கூப்பிட முடியாது. குருதத்தைக் கூப்பிட்டால் வருத்தம்தான் படுவான். சிஷ்யாவிடம் கேட்டால், எது கேட்டாலும், மிகச் சரி என்று சொல்லும்.

இருபத்தொன்பதுக்கு அடித்தது. இரண்டு.

அவள் எழுந்து நின்றுவிட்டாள். திரையில் எண்கள் ஓடின. தொண்ணூறு வினாடி. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்றொன்பது பேருக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்று பேருக்குச் சேரவில்லை. மூன்று நம்பரும் சிவப்பாக நின்றன. முன்பெல்லாம் அந்த மூன்றை யாரும் பார்த்ததில்லை. நாகவேணி தன் போனில் அந்த நம்பர்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.

முதல் நம்பர் இரண்டாவது முயற்சியில் கிடைத்தது.

"யாரது?" ஒரு கிழவரின் குரல்.

"தாத்தா, ரெண்டாவது மணி அடிச்சாச்சு. வீட்டுக்குள்ள போங்க."

"நான் வீட்டுலதான் இருக்கேன். நீ யாரு, மெஷினா மனுஷியா?"

"மனுஷிதான்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

இரண்டாவது ஒரு டிரைவர். சக்லேஷ்புரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். மூன்றாவது வெகு நேரம் அடித்தது. விட்டுவிடலாம் என்று நினைக்கும்போது யாரோ எடுத்தார்கள். ஹிந்தியில், களைத்த ஒரு பெண் குரல்.

"இப்பதான் சார்ஜ் போட்டாங்க. யாரு?"

"ரெண்டாவது மணி அடிச்சாச்சும்மா. ரோட்டுல நிக்காத" என்றாள் நாகவேணியும் ஹிந்தியில்.

"நான் ரோட்டுல இல்ல. ஆஸ்பத்திரில இருக்கேன்."

நாகவேணி திரையில் அந்த நம்பருக்கு எதிரே இருந்த பெயரைப் பார்த்தாள். பார்க்குமுன்பே தெரிந்துவிட்டது.

"சுக்ருமணியா?"

"ஆமா. நீதானா தினம் கூப்பிடறவ? இன்னிக்கு ஏன் ஹிந்தில பேசற? எங்க பாஷைதானே பேசுவ? நான் பதிலுக்கு எவ்வளவு பேசியிருக்கேன் உன்கிட்ட! ஒரு தடவையும் நீ காது குடுத்ததில்ல."

"அது நான் இல்லம்மா. அது... பதிவு பண்ணின குரல்."

"அப்படியா?" அந்தக் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "நேத்து எல்லாரும் ரோட்டுல நின்னோம். நீ ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்ட. ரெண்டாவதுக்குக் காத்துக்கிட்டிருந்தேன்."

"ஜவரப்பா ரெண்டு தடவையும் அடிச்சாரும்மா. நடுவுல அதை நிறுத்தினது நான்தான். தெரியாம நிறுத்திட்டேன்."

சுக்ருமணி வலியோடு மூச்சை இழுத்து விடுவது கேட்டது. பிறகு யாரோ அவளிடம் கன்னடத்தில் ஏதோ அதட்டினார்கள்.

"கட்டு மாத்த வந்திருக்காங்க. இவங்க பேசறது எனக்கு ஒண்ணும் புரியலை" என்றாள். "போனைத் தலையணைல வெக்கறேன். நீ வெச்சிடாத."

"வைக்கமாட்டேன்."

நாகவேணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். தள்ளுவண்டிச் சக்கரம் உருளுகிற சத்தம் கேட்டது. கத்தரிக்கோல் தட்டில் விழுகிற சத்தம். யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சுக்ருமணியை இல்லை.